மண்ணில்லாத வீட்டில் ஒரு செடி

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரம் மண்ணால் பெயர் பெற்ற இடம். 1881ஆம் ஆண்டில் தீயும் வெள்ளமும் நகரைத் தாக்கின. மரத்தாலும் அத்தாப்பாலும் கட்டப்பட்ட வீடுகள் அழிந்தன. அதன் பிறகு நகரைச் செங்கல்லாலும் ஓட்டாலும் கட்டியெழுப்பும் பணி தொடங்கியது. அதற்கு வேண்டிய செங்கற்கள் இவ்வட்டாரத்துச் சூளைகளில் சுடப்பட்டன. இன்றோ அங்கு உயர்ந்து நிற்கும் அடுக்குமாடிகளில் வாழும் குடும்பங்களுக்கு ஒரு தொட்டியை நிரப்பும் அளவுக்குக்கூட மண் எளிதில் கிடைப்பதில்லை. கிள்ளானிலும் பெட்டாலிங் ஜெயாவிலும் நிலைமை இதுவே. மாடி நடைபாதையில் பூத்தொட்டி வைப்பது அவசர வேளையில் வழியை மறிக்கும் என்பதால் பல குடியிருப்பு நிர்வாகங்கள் அதனை அனுமதிப்பதில்லை. ஆனாலும் துவையலுக்குப் புதினா, ரசத்திற்குக் கொத்தமல்லி, பூசைக்குத் துளசி ஆகியவை வீட்டிலேயே வேண்டும் என்னும் விருப்பம் மட்டும் குறையவில்லை.

இந்த விருப்பத்திற்கு விடையாக அண்மைக் காலத்தில் பேசப்படுவது ஏரோபோனிக் முறை. மண்ணும் இல்லாமல், வேர் முழுவதும் நீரில் மூழ்காமல், இருண்ட பெட்டிக்குள் காற்றில் தொங்கும் வேர்களின்மீது சத்துக் கரைசலை மூடுபனிபோலத் தெளித்துச் செடியை வளர்ப்பதே இம்முறை. ஒரே ஒரு செடிக்கென ஒரு சிறு பெட்டி, அதற்குள்ளேயே நீர், பம்பு, தெளிப்பான் எனத் தனித்து இயங்கும் அமைப்புகள் இப்போது விற்பனைக்கு வருகின்றன. அவற்றை வீட்டிலேயே செய்து பார்க்க விரும்புவோரும் உள்ளனர். இத்தகைய பெட்டி அடுக்குமாடி வீட்டிற்கு ஏற்றதா? ஏற்றதுதான். ஆயினும், பெரிய பண்ணையின் அமைப்பை அப்படியே சிறிதாக்கினால் போதாது. கிள்ளான் பள்ளத்தாக்கின் வெப்பம், கொசு, மின்தடை, வீட்டாரின் நேரம் ஆகியவற்றைக் கணக்கில் கொண்டு அதனை வடிவமைக்க வேண்டும். அப்படிச் செய்யாத பெட்டி சில வாரங்களில் அலமாரியின் மேல் ஒதுங்கிவிடும்.

இம்முறை புதியதன்று. வேர்களைக் காற்றில் தொங்கவிட்டு ஆராயும் வழக்கம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஆய்வுக்கூடங்களில் இருந்தது. மண்ணைத் தோண்டாமல் வேரைப் பார்க்கலாம் என்பதே அதற்குக் காரணம். 1957ஆம் ஆண்டில் தாவரவியல் அறிஞர் ஃபிரிட்ஸ் வென்ட் இம்முறைக்கு ஏரோபோனிக்ஸ் என்னும் பெயரைச் சூட்டினார். 1997இல் மிர் விண்வெளி நிலையத்தில் அவரை வகையைச் சேர்ந்த அட்சுகிப் பயற்றின் விதைகளும் நாற்றுகளும் இம்முறையில் வளர்க்கப்பட்டன. 2022இல் அனைத்துலக விண்வெளி நிலையத்தில் எக்ஸ்ரூட்ஸ் என்னும் கருவி, மண்ணின்றிச் செடி வளர்க்கும் முறைகளைச் சோதித்தது. இந்தியாவில் சிம்லாவில் உள்ள மத்திய உருளைக்கிழங்கு ஆய்வு நிறுவனம், நோயற்ற விதைக்கிழங்குகளைப் பெற இதே முறையைக் கையாள்கிறது. மண்ணிலிருந்து தொற்றும் நோய் அணுகாது என்பதும், வேண்டிய அளவுக்குக் கிழங்கு பருத்ததும் அதை மட்டும் பறித்துக்கொள்ளலாம் என்பதும் அங்குக் கிடைக்கும் நன்மைகள்.

இம்முறையைப் போற்றுவோர் ஒரு கணக்கை அடிக்கடி காட்டுவர். நாசா நிறுவனத்தின் 2006ஆம் ஆண்டு வெளியீடு ஒன்று, ஏரோபோனிக் முறையால் நீர்ப்பயன்பாட்டை 98 விழுக்காடும் உரப்பயன்பாட்டை 60 விழுக்காடும் குறைக்கலாம் என்று கூறியது. தண்ணீர் என்றதும் கிள்ளான் பள்ளத்தாக்கு மக்களின் காது கூர்மையாகும். 2020 செப்டம்பரில் சுங்கை சிலாங்கூர் ஆற்று நீர் மாசடைந்தபோது சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டன. பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பயனீட்டாளர் கணக்குகளுக்குக் குழாய் நீர் நின்றுபோனது. எனினும், 98 விழுக்காடு என்பது திறந்த வயலில் பாய்ச்சும் நீரோடு ஒப்பிட்டுச் சொல்லப்பட்ட எண். வயலில் பெரும்பங்கு நீர் மண்ணுக்குள் இறங்குகிறது அல்லது ஆவியாகிறது. சமையலறைச் சன்னலோரத்தில் ஒரு கோப்பை நீரைக் குடிக்கும் புதினாத் தொட்டியில் அவ்வளவு நீர் வீணாவதில்லை. ஆகவே, ஒரு செடிப் பெட்டியை வாங்குவதற்கு நீர்ச் சேமிப்பு முதன்மைக் காரணமாக இருக்க முடியாது. சரியான காரணங்களை வேறு இடத்தில் தேட வேண்டும்.

முதல் காரணம், இடமும் தூய்மையும். ஒரு சிறு வாளி அளவுள்ள பெட்டி மேசையின் ஓரத்தில் அடங்கிவிடும். மண் சிந்தாது, மண்ணில் வாழும் எறும்பும் பூச்சியும் வீட்டுக்குள் வாரா. இரண்டாவது காரணம், வெட்டிய தண்டுகள் விரைவாக வேர்விடுவது. சந்தையில் வாங்கிய புதினாக் கட்டில் நல்ல தண்டுகள் இரண்டைத் தேர்ந்து, கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டுப் பெட்டியில் பொருத்தினால், ஓரிரு வாரங்களில் வெண்ணிற வேர்கள் தொங்குவதைக் காணலாம். வேருக்கு ஈரமும் காற்றும் ஒருசேரக் கிடைப்பதே இதற்குக் காரணம். 1980களில் இம்முறை வணிகத்திற்கு வந்தபோதும் தண்டுகளை வேர்விடச் செய்வதே அதன் முதன்மைப் பயனாக இருந்தது. மூன்றாவது காரணம், கற்றல். மூடியைத் தூக்கினால் வேர் கண்ணெதிரே தெரியும். பாடநூலில் படமாகப் பார்த்த வேர்த்தூவிகளை மாணவர்கள் நேரில் காணலாம்.

எந்தச் செடி என்பதை முதலில் முடிவு செய்வதே நல்ல வடிவமைப்பின் தொடக்கம். புதினா, துளசி, கீரை, கங்கோங், சாலட் இலை போன்ற மென்மையான தண்டுடைய செடிகள் ஏற்றவை. கறிவேப்பிலையை வளர்க்கப் பலரும் ஆசைப்படுவர். அது மரமாக வளரும் இனம். அதன் எடையையும் வேரையும் சிறு பெட்டி தாங்காது. அதற்கு ஆழமான மண்தொட்டியே சிறந்தது. மிளகாய் வளரும், ஆனால் அது காய்க்க வலுவான ஒளியும் பல மாதப் பராமரிப்பும் தேவை. முதல் முயற்சிக்குப் புதினாவே போதும்.

அடுத்து, தெளிக்கும் முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இதில் மூன்று வழிகள் உள்ளன. முதலாவது, நொடிக்கு ஏறக்குறைய 17 இலட்சம் முறை அதிரும் மீயொலித் தகடு. இது நீரைப் புகைபோன்ற மிக நுண்ணிய துளிகளாக்கும். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் நீரைச் சூடாக்கும், உரத்தின் உப்பு படிந்தால் விரைவில் பழுதாகும். இரண்டாவது, உயர் அழுத்தப் பம்பு. பண்ணைகளில் இதுவே சிறந்தது. ஆனால் விலை அதிகம், ஓசை உண்டு, நுண்ணிய தெளிப்பான் துளைகள் அடிக்கடி அடைத்துக்கொள்ளும். மூன்றாவது, மீன்தொட்டியில் பயன்படுத்துவது போன்ற சிறு மூழ்கு பம்பும், அதோடு பொருத்திய சாதாரணத் தெளிப்புத் தலையும். துளிகள் சற்றுப் பெரியவை. செடியின் வளர்ச்சி பண்ணையில் காணும் அளவுக்கு விரைவாக இராது. ஆயினும் ஓசை குறைவு, அடைப்பு குறைவு, பழுதானால் மீன் விற்கும் கடையிலேயே மாற்றுப் பம்பு கிடைக்கும். வீட்டிற்கு இந்த மூன்றாவது வழியே பொருத்தமானது. வீட்டார் தாமே பழுதுபார்க்கக்கூடிய பெட்டிதான் நீண்ட நாள் உழைக்கும்.

ஏரோபோனிக் முறையின் பெரிய பலவீனம் அதன் பலத்திலிருந்தே பிறக்கிறது. வேர் காற்றில் தொங்குவதால் தெளிப்பு நின்றால் அது விரைவில் உலர்ந்துவிடும். மண்தொட்டிச் செடி ஒரு நாள் நீரின்றிப் பொறுத்துக்கொள்ளும், இது பொறுக்காது. மின்தடை வரலாம், பம்பு அடைத்துக்கொள்ளலாம், தீபாவளிக்குக் குடும்பமே ஊருக்குச் செல்லும்போது யாரோ மின்விசையை அணைத்துவிடலாம். எனவே, பழுது நேர்ந்தாலும் செடி உடனே சாகாதபடி பெட்டியை அமைக்க வேண்டும். அதற்கு ஓர் எளிய வழி உண்டு. ஐந்து லிட்டர் கொள்ளும் மூடியுள்ள நெகிழி வாளியில் ஏறக்குறைய இரண்டு லிட்டர் கரைசலை நிரப்பி, வளர்ந்த வேர்களின் நுனி மட்டும் அதில் தொடும்படி விட்டால் போதும். பம்பு நின்றாலும் நுனி வேர்கள் நீரை உறிஞ்சி மேற்பகுதியைக் காக்கும். இது தூய ஏரோபோனிக் முறை அன்று எனச் சிலர் குறை கூறலாம். வீட்டில் செடி உயிரோடு இருப்பதுதான் முதன்மை.

வேர் முழுவதையும் மூழ்கவிட்டால் என்ன என்னும் கேள்வி எழலாம். இதற்கு வெப்பமே விடை. ஒரு லிட்டர் நீரில் 20 பாகை செல்சியஸ் வெப்பநிலையில் ஏறக்குறைய 9 மில்லிகிராம் உயிர்வளி கரைந்திருக்கும். 30 பாகையில் அது ஏறக்குறைய 7.5 மில்லிகிராமாகக் குறையும். வெப்பமான நீரில் வேர் அழுகச் செய்யும் பூசண வகைகளும் எளிதில் பெருகும். இந்த இடர்ப்பாட்டை அண்டை நாடான சிங்கப்பூர் வேறு வழியில் எதிர்கொண்டது. அங்குள்ள தேசியக் கல்விக் கழகத்தைச் சேர்ந்த பேராசிரியர் லீ சிங் கோங்கும் அவருடைய குழுவினரும் ஏரோபோனிக் முறையில் வேர்ப்பகுதியை மட்டும் குளிர்வித்து, இலைப்பகுதியை வெப்பமண்டலக் காற்றிலேயே விட்டுச் சாலட் இலை வகைகளை வளர்த்தனர். அதன் முடிவுகள் 1998இல் ஆய்விதழில் வெளிவந்தன. குளிர்நாட்டுச் செடியின் வேர் குளிர்ச்சியாக இருந்தால் அச்செடி வெப்ப நாட்டிலும் நன்கு வளரும் என்பது அதன் சாரம். ஆயினும், ஒரு செடிக்காக வீட்டில் குளிர்விக்கும் கருவியை இயக்குவது பொருந்தாது. வெப்பத்தைத் தாங்கும் செடியைத் தேர்வு செய்வதும், வாளியின் வெளிப்புறம் வெள்ளை வண்ணம் பூசி வெயில் நேராகப் படாத இடத்தில் வைப்பதும், பம்பை இடைவிடாமல் ஓட்டாமல் ஐந்து நிமிடத்திற்கு ஒரு நிமிடம் மட்டும் ஓட்டுவதும் செலவில்லாத தீர்வுகள். வெள்ளை வண்ணத்திற்கு அடியில் கறுப்பு வண்ணம் பூசினால் உள்ளே ஒளி புகாது, பாசியும் பிடிக்காது.

வெளிநாட்டுக் கையேடுகள் பெரும்பாலும் பேசாத, ஆனால் மலேசியாவில் எவரும் மறக்கக்கூடாத ஒன்று உண்டு. அதுதான் ஏடிஸ் கொசு. தேங்கிய தெளிந்த நீரில் அது முட்டையிடும். முட்டை ஏறக்குறைய ஏழு முதல் பத்து நாள்களில் கொசுவாகிவிடும். டிங்கி காய்ச்சல் கிள்ளான் பள்ளத்தாக்கில் ஆண்டுதோறும் பலரைப் பாதிக்கிறது. 1975ஆம் ஆண்டு நோய் பரப்பும் பூச்சிகளை அழிக்கும் சட்டத்தின்படி, கொசு பெருக இடம் கொடுக்கும் வீட்டாருக்குத் தண்டம் விதிக்கலாம். இரண்டு லிட்டர் நீரைத் தாங்கி நிற்கும் பெட்டி, மூடி சரியாகப் பொருந்தாவிட்டால், நோயை வளர்க்கும் பெட்டியாகிவிடும். ஆகவே, மின்கம்பி நுழையும் துளையை இறுக அடைப்பதும், செடித் தண்டைச் சுற்றியுள்ள இடைவெளியைப் பஞ்சுத் துண்டால் மூடுவதும், வாரந்தோறும் கரைசலை ஊற்றிவிட்டு வாளியின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுவதும் கட்டாயம். பெட்டி செய்யக் கற்பிக்கும் எவரும் இதனை முதல் விதியாகச் சொல்ல வேண்டும். வாரம் ஒருமுறை இதற்கு நேரம் ஒதுக்க முடியாத குடும்பம் இப்பெட்டியை வைத்துக்கொள்ளாமல் இருப்பதே நல்லது.

கரைசலைப் பற்றியும் சிறிது அறிய வேண்டும். மண்ணில்லா வேளாண்மைக்கான உரம் கடைகளில் ஏ, பி என இரண்டு புட்டிகளாக விற்கப்படுகிறது. ஒன்றில் கால்சியம் இருக்கும். மற்றொன்றில் பாஸ்பேட்டும் சல்பேட்டும் இருக்கும். இவற்றை நீர் சேர்க்காமல் நேரடியாகக் கலந்தால் கால்சியம் அவற்றோடு இணைந்து சுண்ணாம்புத்தூள்போல அடியில் படியும். செடிக்கு அந்தச் சத்து கிட்டாது, தெளிப்பானும் அடைத்துக்கொள்ளும். ஆதலால் ஒன்றை நீரில் கலக்கிய பின்னரே மற்றொன்றைச் சேர்க்க வேண்டும். இரு புட்டிகள் ஏன் என்பதற்கு வேதியியல் பாடம் விடை தருகிறது. கலந்த நீரின் அமில காரத் தன்மை 5.5 முதல் 6.5 வரை இருந்தால் பெரும்பாலான கீரை வகைகள் நன்கு வளரும். வாரந்தோறும் ஊற்றும் பழைய கரைசலைக் கால்வாயில் கொட்டினால் அதிலுள்ள உரம் ஆற்றில் பாசியைப் பெருக்கும். அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் உள்ள மரத்திற்கோ மண்தொட்டிக்கோ அதனை ஊற்றினால் வீணாகாது.

செலவைப் பற்றிப் பேசும்போது பலர் பம்பின் மின்சாரத்தையே எண்ணி அஞ்சுகின்றனர். கணக்கிட்டுப் பார்த்தால் உண்மை வேறாக உள்ளது. 3 வாட் பம்பு ஐந்து நிமிடத்திற்கு ஒரு நிமிடம் மட்டும் ஓடினால் மாதத்திற்கு அரை கிலோவாட் மணிக்கும் குறைவாகவே செலவாகும். ஆனால், இருண்ட அறையில் 10 வாட் எல்இடி விளக்கை நாள்தோறும் 14 மணி நேரம் எரித்தால் மாதத்திற்கு 4.2 கிலோவாட் மணி செலவாகும். அதாவது, விளக்கு பம்பைப்போல் ஏறக்குறைய பத்து மடங்கு மின்சாரத்தை எடுக்கிறது. ஒரு கிலோவாட் மணிக்கு 40 சென் என்று வைத்துக்கொண்டால் இரண்டிற்கும் சேர்த்து மாதம் 2 ரிங்கிட்டுக்கும் குறைவு. ஒரு பெட்டிக்கு இது சிறு தொகைதான். எனினும், அந்தத் தொகைக்குச் சந்தையில் ஒரு கட்டுக் கீரையே வாங்கிவிடலாம். ஆகவே, விளக்கு வாங்குவதற்கு முன் வீட்டில் எந்தச் சன்னலில் காலை வெயில் படுகிறது எனப் பார்ப்பதே சிக்கனம். கோலாலம்பூர் நிலநடுக்கோட்டிற்கு வடக்கே 3 பாகை அளவில் இருப்பதால் நண்பகலில் சூரியன் ஏறக்குறைய தலைக்கு மேல் நிற்கும். ஒளி அறைக்குள் ஆழமாக வராது. கிழக்கு நோக்கிய சன்னலோரம் இருந்தால் விளக்கின் தேவை வெகுவாகக் குறையும்.

இவ்வளவையும் கேட்ட பிறகு, மண்தொட்டியே மேல் என்று ஒருவர் சொல்லக்கூடும். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. முற்றமும் வெயிலும் உள்ள தரை வீட்டிற்கு மண்தொட்டியே எளிது, மலிவு. ஏரோபோனிக் பெட்டிகள் நாட்டின் உணவுத் தேவையைத் தீர்த்துவிடும் என்னும் பேச்சையும் ஏற்க இயலாது. அமெரிக்காவில் இம்முறையில் கீரை வளர்த்துப் புகழ்பெற்ற ஏரோபார்ம்ஸ் நிறுவனமே 2023 ஜூனில் நொடிப்புப் பாதுகாப்பைக் கோரி விண்ணப்பித்தது. பெருமுதலீடு உள்ளவர்களுக்கே இத்தகைய தொழில் கடினமாக இருக்கும்போது, ஒரு பெட்டி ஒரு குடும்பத்திற்கு உணவளிக்கும் என நம்பி வாங்குவோர் ஏமாற்றமே அடைவர். ஒரு வாளிப் புதினா துவையலுக்கு உதவும். குடும்பத்தின் சந்தைச் செலவை அது பெரிதாகக் குறைக்காது. விற்பனையாளர்களும் இதனை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

ஆனால், முற்றமே இல்லாத மாடி வீட்டுப் பிள்ளைக்கு மண்தொட்டிதான் மேல் என்று கூறி விலகிவிடுவதும் சரியாகாது. தோட்டங்களில் வளர்ந்த தலைமுறைக்கு விதை எப்போது முளைக்கும், இலை ஏன் மஞ்சளாகும், வேர் ஏன் அழுகும் என்பவை சொல்லாமலே தெரிந்தன. தோட்டத்தை விட்டு நகருக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கு அந்த அறிவு கிட்டும் வழி அடைபட்டுள்ளது. ஒரு செடிப் பெட்டி அவ்வழியைச் சிறிதளவேனும் திறக்கிறது. இரண்டாம் படிவ வடிவமைப்பும் தொழில்நுட்பமும் பாடத்தில் அக்குவாபோனிக் வடிவமைப்பை மாணவர்கள் ஏற்கெனவே கற்கின்றனர். அதே அறிவைக் கொண்டு தம் வீட்டிற்கு ஏற்ற பெட்டியை அவர்களால் வடிவமைக்க முடியும்.

இதற்குப் பள்ளிகள் விலை உயர்ந்த ஆயத்தப் பெட்டிகளை வாங்கி வைக்க வேண்டியதில்லை. மாணவர் குழு ஒவ்வொன்றும் ஒரு மூடியுள்ள வாளி, ஒரு சிறு பம்பு, நேரங்காட்டி விசை, சிறு வலைக்கோப்பை ஆகியவற்றைக் கொண்டு ஒரு பெட்டியைச் செய்யலாம். கம்பிகளை இணைக்கும்போது ஆசிரியர் உடனிருக்க வேண்டும்; நீருக்கு அருகில் குறைந்த மின்னழுத்தப் பம்பையே பயன்படுத்த வேண்டும். அதன் அருகில் ஒரு மண்தொட்டியில் அதே புதினாவை நட்டு, நீர் எவ்வளவு செலவானது, இலை எவ்வளவு கிடைத்தது, எது முதலில் வாடியது என்று ஆறு வாரங்கள் குறித்துவரலாம். மண்தொட்டி வென்றாலும் அது தோல்வியாகாது. ஏன் வென்றது என்பதை மாணவர்கள் அறிந்திருப்பர். செர்டாங்கில் 1969 முதல் இயங்கிவரும் மலேசிய வேளாண் ஆராய்ச்சி மேம்பாட்டுக் கழகமான மார்டி போன்ற அமைப்புகள், கொசுத் தடுப்பையும் வெப்பத்தையும் கருத்தில் கொண்ட எளிய ஒரு பக்க வரைபடத்தை எல்லா மொழிகளிலும் வழங்கினால் வீட்டாருக்கும் பேருதவியாக இருக்கும்.

ஆகவே, ஒரு செடிக்கான ஏரோபோனிக் பெட்டியை வாங்கும் முன்னும் செய்யும் முன்னும் நான்கு கேள்விகளைக் கேட்பது நன்று. மின்சாரம் நின்றால் செடி ஒரு நாளாவது பிழைக்குமா? கொசு நுழைய எங்கேனும் வழி உள்ளதா? பழுதான பாகத்தை அருகிலுள்ள கடையில் வாங்க முடியுமா? வாரந்தோறும் இதனைக் கழுவ யார் பொறுப்பு? இந்நான்கிற்கும் தெளிவான விடை இருந்தால், பத்தாவது மாடிச் சன்னலோரத்திலும் புதினா தழைக்கும். நான்காவது கேள்விக்கு விடையாக வீட்டுப் பிள்ளைகளில் ஒருவரின் பெயர் அமைந்தால், அந்தப் பெட்டி நீண்ட நாள் பயன்படும்.